மருந்து வாரம், ஓய்வு வாரம்

மே 3

பெரியப்பாவின் வலது கண்ணில், மேற்பரப்பில் புற்று. அதற்கு விடுகிற சொட்டு மருந்து, மைட்டோமைசின், வந்துவிட்டது. 2 மில்லிகிராம் பொடி, 5 மில்லி நீர், அதுதான் 0.04 சதம். வெளிறிய நாவல்பழ நிறம். மருந்தகத்திலேயே பாதுகாப்புப் பெட்டிக்குள் கலந்து கொடுத்தார்கள், வீட்டில் கலக்கிற சாமான் இல்லை இது. குப்பியில் கலந்த தேதி இல்லை. கேட்டு எழுத வைத்தேன்.

ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி. கதவுத் தட்டு வேண்டாம், திறக்கும்போதெல்லாம் அனல் பட்டுவிடும். ஃப்ரீசருக்குக் கீழ்த் தட்டும் வேண்டாம், உறைந்துவிடும். நடுத்தட்டில், மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவுக்குள். மேலே சிவப்பு மையில் "தொடாதே".

மே 4

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். முதல் சொட்டு காலை ஆறு மணிக்கு.

மே 5

ஒரு நாளைக்கு நாலு வேளை, ஏழு நாள். பிறகு ஓய்வு. மறுபடி ஏழு நாள். சொல்ல எளிது.

முதலில் கையுறை. கீழ் இமைக்குக் கீழேயும் கன்னத்து மேட்டிலும் வாசலின் மெல்லிசாக. இமை விளிம்பில் படக்கூடாது, உள்ளே போனால் பார்வை மங்கும், மருந்தும் ஒட்டாது. படுக்க வைத்து, கீழ் இமையை இழுத்து, பையில் ஒரே சொட்டு. கண்ணை மூக்குப் பக்க முனையில் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். கீழ்க் கண்ணீர்த் துளையில் சிலிக்கான் அடைப்பான் வைத்தாயிற்றே, எதற்கு அழுத்த வேண்டும் என்று கேட்கிறார்கள். மேல் இமையிலும் ஒரு துளை இருக்கிறது. மருந்து அந்த வழியாகவும் மூக்குக்கு இறங்கும்.

"சரியா உழலம்மா, இன்னொண்ணு வுடு" என்கிறார் பெரியப்பா. விடக்கூடாது. ஒரு சொட்டு 40, 50 மைக்ரோலிட்டர் இருக்கும். கண்ணுக்குள் 30 நின்றாலே பெரிசு. மிச்சம் கன்னத்தில் வழிந்து தோலைப் பொசுக்கும், வேறொன்றும் செய்யாது.

துடைத்த டிஷ்யூ, கையுறை எல்லாம் தனி ஜிப் கவரில். அதை ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும், வீட்டுக் குப்பையில் போடக்கூடாது. செல்லைக் கொல்கிற மருந்து. தம்பி பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள், அவள் அந்த டப்பா பக்கமே போகவேண்டாம் என்று சொல்லியாயிற்று.

மே 6

எரிச்சல் இல்லை. சிவப்பும் இல்லை.

மே 8

சிவந்துவிட்டது. வெள்ளைமுழி முழுக்க, மேலே கீழே எல்லாம். இமை கொஞ்சம் தடித்திருக்கிறது. "மண்ணு கொட்னாப்ல கீது" என்கிறார்.

இது மருந்தின் வேலை. ஆனால் கட்டி இருந்த இடமும் சிவப்பாகத்தானே இருந்தது? அது வலது கண்ணின் மூக்குப் பக்கம், கருவிழி ஓரத்தில், ஜவ்வு மாதிரி கொஞ்சம் மேடாக இருந்தது. தடித்த ரத்தக் குழாய் ஒன்றிரண்டு வளைந்து நெளிந்து அதற்குள் போயின. மருந்துச் சிவப்பு அப்படி இருக்காது. எல்லாப் பக்கமும் ஒரே சீராக, மேடு இல்லாமல் இருக்கும். ஓய்வு வாரத்தில் வடியும். வடியவில்லை என்றால்தான் பேச வேண்டும்.

வடிய வேண்டும்.

மே 9

மதியம் கரன்ட் போய் ராத்திரிதான் வந்தது. தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பாக்கெட், நடுவில் இரண்டு மடிப்பு செய்தித்தாள், அதற்கு மேல் டப்பா. ஐஸில் நேராகப் பட்டால் மருந்து உறையும், உறைந்ததைப் பிறகு விடக்கூடாது. இதே வேலைக்கு விடுகிற இன்னொரு மருந்து, 5-ஃப்ளூரோயுராசில் ஒரு சதச் சொட்டாக இருந்திருந்தால் இந்தப் பாடு இல்லை. அது வெளியில் இருக்கலாம், குளிரில் வைத்தால்தான் படிகம் கட்டும். சித்தி வீட்டுக்குத் தெரிந்தவர் ஒருவர் அந்த மருந்தையும் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, அடியில் சர்க்கரை மாதிரி என்னமோ கிடக்கிறதென்று போன் செய்தார்.

மே 11

நிறுத்தம். இனி செயற்கைக் கண்ணீர் மட்டும், கிருமித்தடுப்பு சேர்க்காதது. பெரிய பாட்டிலில் வருகிற சொட்டுகளில் பென்சால்கோனியம் குளோரைடு இருக்கும். நாளுக்கு ஆறேழு தடவை போனால் ஏற்கெனவே புண்ணான மேல்தோலை அது இன்னும் அரிக்கும். ஒரு தடவை உபயோகித்து எறிகிற சின்னக் குப்பி விலை அதிகம்தான். இதில் கஞ்சத்தனம் கூடாது.

மே 12

ஆயா நந்தியாவட்டைப் பூ பறித்து ஈரத்துணியில் கட்டிக் கொண்டுவந்திருக்கிறது. குளிர்ச்சியாம். பொறுமையாகத்தான் சொன்னேன். மேல்தோல் உரிந்த கருவிழியில் தோட்டத்து ஈரம் பட்டால் பூஞ்சைப் புண் வரும். இந்த ஊரில் வயல் வேலை செய்கிறவர்களுக்கு வருகிற கண் புண்ணில் பூஞ்சை கொஞ்சமில்லை. அது வந்தால் புற்றை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். விளக்கெண்ணெய், தாய்ப்பால், பன்னீர் எதுவும் கிடையாது.

ஆயாவுக்குக் கோபம். பூ சாமி படத்துக்குப் போயிற்று.

மே 13

தண்ணீராக ஊற்றுகிறது. ஆனால் கண் வறண்டிருக்கிறது. இரண்டும் ஒரே கண்ணில். மேல்தோல் புண்ணானதால் நரம்பு தூண்டி வரவழைக்கிற தண்ணீர் அது, எண்ணெய்ப் பசை இல்லாததால் நிற்காமல் வழிகிறது. வடிகிற துளையும் அடைபட்டிருக்கிறது. அடைப்பானை எடுத்த பிறகும் ஊற்றினால் துளையே சுருங்கியிருக்கலாம், மைட்டோமைசின் அதைச் செய்யும். அப்படி ஆனாலும் அவசரப்பட்டுத் துளையைத் திறக்கச் சொல்லக்கூடாது. வறண்ட கண்ணுக்குச் சுருங்கிய துளை ஒருவகையில் உபகாரம்.

மே 16

பரிசோதனை. புண்ணான இடத்தில் பச்சையாகப் பிடிக்கிற ஃப்ளூரசின் சாயத் தாள் தொட்டு, நீல வெளிச்சத்தில். பக்கத்துக் கண்ணாடி வழியாக எனக்கும் காட்டினார்கள். கருவிழியின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் பச்சைப் பொட்டுகள், மாவு சலித்த மாதிரி. கண்ணீர்ப் படலம் நாலு நொடியில் உடைகிறது, பத்தாவது நிற்க வேண்டும். கண்ணீர் எவ்வளவு ஊறுகிறதென்று அளக்கிற ஷிர்மர் தாளை ஐந்து நிமிடம் வைத்துப் பார்ப்பது வேண்டாம் என்றார் டாக்டர். அடைப்பான் உள்ளே இருக்கும்போது அந்த அளவு பொய் சொல்லும்.

கட்டி தட்டையாகிவிட்டது. சிவப்பு பாதி வடிந்திருக்கிறது. பாதி.

இரண்டாவது சுற்று 18இல் இல்லை, ஒரு வாரம் தள்ளி. "நடுவுல நிறுத்துனா வளந்துடாதா?" என்று பெரியம்மா. வளர்ச்சி வாரக் கணக்கில் ஓடாது. ஆறாத மேல்தோலுக்கு மேல் மைட்டோமைசின் விட்டால் மருந்து கீழே இறங்கும், கருவிழியும் வெள்ளைமுழியும் கரைந்து மெலியும். அதைத் திரும்ப வளர்க்க வழி கிடையாது. அதனால்தான் பயாப்சி எடுத்த காயம் மூடும் வரை முதலிலும் காக்க வைத்தார்கள்.

ஓய்வுக்கு ஃப்ளூரோமெத்தலோன், இரண்டு வேளை. ஸ்டீராய்டு என்பதால் கண் அழுத்தமும் பார்க்க வேண்டும்.

மே 19

காட்பாடியிலிருந்து பஸ். ஜன்னலோரம் உட்கார வைக்காதே. பாலாற்றுப் பாலத்தில் மணல் காற்று. பக்கம் மூடிய கண்ணாடி போட்டும் உறுத்தல். வீட்டில் ஃபேனைக் கால் பக்கம் திருப்பியாயிற்று, ஏ.சி. காற்று முகத்தில் படாமல் துணி கட்டியாயிற்று. இந்த வெயிலில் ஃபேன் வேண்டாம் என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், திசையை மாற்றுவதோடு சரி.

மே 25

இரண்டாவது சுற்று.

மே 28

கன்னத்துத் தோல் சிவந்து உரிகிறது. மாலை வேளையில் வாசலின் போடாமல் யாரோ விட்டிருக்கிறார்கள். யாரென்று கேட்கவில்லை. தம்பிதான்.

ஜூன் 2

முந்தாநாளோடு சுற்று முடிந்தது. ஆஸ்பத்திரியில் வெளியே காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு பாட்டி, இமைக்குள் லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்தவர். கண்ணில் ஒன்றுமே தெரியலையே, வலியே இல்லையே என்று சந்தோஷமாகச் சொன்னார். எனக்குத் திக்கென்றது. கதிர் பட்ட கருவிழிக்கு உணர்ச்சி குறையும். புண் வந்தாலும் வலிக்காது, பார்வை மங்கிய பிறகுதான் தெரியும். வலி இல்லை என்று சொட்டு விடாமல் இருக்கக்கூடாது பாட்டி, கண்ணாடியில் தினமும் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். வறட்சி கண்ணீர்ச் சுரப்பிக்குப் போன அளவைப் பொறுத்தது. கதிரை கிரே என்று அளப்பார்கள், 30 கிரேக்குக் கீழே என்றால் கடுமையாக வருவது அரிது, 57 தாண்டினால் தப்புவது அரிது. அவருடைய சீட்டில் 24 என்று இருந்தது. பரவாயில்லை.

கண்ணுக்குள் மெலனோமா, அதாவது நிறமிப் புற்று என்றால் கதிர் வீசுகிற ருத்தேனியம்-106 தகடு, இப்போது பாபா அணு ஆராய்ச்சி மையமே அதைச் செய்கிறது. அதிலும் கட்டி முன்பக்கம் இருந்தால் மேற்பரப்பு வறட்சி கூடும்.

ஜூன் 8

சிவப்பு வடியவில்லை. ஓய்வு வாரம் முடிந்துவிட்டது.

ஜூன் 9

மூக்குப் பக்கம்தான் அதிகம். டார்ச் அடித்துப் பார்த்தேன், மேடு இருக்கிற மாதிரியும் இல்லாத மாதிரியும். டார்ச்சில் தெரிகிற விஷயமில்லை. ராத்திரி முழுக்க அதே யோசனை.

ஜூன் 11

முன்பக்க ஓ.சி.டி. எடுத்தார்கள், ஒளியால் கண்ணை அடுக்கடுக்காகப் படம் பிடிப்பது. புற்று என்றால் மேல்தோல் தடித்து வெளுப்பாகத் தெரியும், நல்ல தோலுக்கும் அதற்கும் நடுவில் கத்தியால் வெட்டிய மாதிரி எல்லை இருக்கும். இங்கே தோல் மெல்லிசு, ஒரே சீர். திரும்பி வரவில்லை.

ஆனால் மூக்குப் பக்கம் ஓரத்திலிருந்து பச்சைச் சாயம் சுழி சுழியாக உள்ளே ஓடுகிறது. பொட்டுகள் இல்லை, சுழி. கருவிழித் தோலைப் புதுப்பிக்கிற ஸ்டெம் செல் இருக்கிற இடம் அந்த ஓரம். மருந்து புற்றோடு அதையும் தின்றிருக்கிறது. கருவிழி வட்டத்தைக் கடிகாரமாக வைத்தால் பன்னிரண்டில் மூன்று மணி அளவு. முழு வட்டமும் போனால்தான் மற்ற கண்ணிலிருந்து துணுக்கு எடுத்து ஒட்ட வேண்டிவரும், 2012இல் ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் ஆஸ்பத்திரிக்காரர்கள் சொன்ன முறை. அதுவும் புற்று போய்விட்டதென்று உறுதியான பிறகு. மூன்று மணி அளவுக்கு இப்போதைக்கு அது தேவைப்படாது.

மைட்டோமைசின் இனி இல்லை. புற்று மிச்சம் இருந்தால் இன்டர்ஃபெரான் என்கிற வேறு மருந்து, ஓரத்தை அவ்வளவாகத் தொடாது, ஆனால் மாதக்கணக்கில் விட வேண்டும்.

ஜூன் 13

இனி சொட்டாக விடுவது சொந்த ரத்தத்துச் சீரம், அதாவது ரத்தம் உறைந்த பிறகு தெளிகிற நீர், 20 சதம். ரத்தம் எடுத்து இரண்டு மணி நேரம் உறைய விட்டுச் சுழற்றி, ஒரு பங்கு சீரத்துக்கு நாலு பங்கு சலைன். திறந்த குப்பி ஃப்ரிட்ஜில் ஒரு வாரம், திறக்காதது மைனஸ் 20 டிகிரியில் மூன்று மாதம். எங்கள் ஃப்ரீசர் தானாகப் பனி உருக்கும் ரகம், அந்த நேரத்தில் சூடு ஏறும். நரேஷ் வீட்டில் பழைய மாடல் இருக்கிறது, கேட்க வேண்டும்.

"என் ரத்தம்தானே, எரியாதுல்ல?" என்றார் பெரியப்பா.

ஜூன் 14

நரேஷ் வீட்டில் இடம் இருக்கிறது. மீன் பக்கத்தில் வேண்டாம் என்று சொல்லணும்.