"ம" என்று எழுதிய புதர்

நோட்டில் பதினொன்றாம் எண் புதருக்கு எதிரே "ம" என்று மட்டும் எழுதியிருந்தேன். மஞ்சளா, மஜந்தாவா? மூன்று மாதம் கழித்து எழுதினவனுக்கே விளங்கவில்லை.

உண்ணிச்செடியின் ரகங்களை மரபணுவை வைத்துப் பிரிக்க முடிகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. பூ நிறத்தைக் குறித்துக்கொள்வது அதில் ஆக எளிதான பகுதி என்று நினைத்திருந்தேன். ஒரே கொத்தில் நடுவில் மஞ்சள், ஓரத்தில் இளஞ்சிவப்பு இருக்கும். ஓரப் பூக்கள் முதலில் விரிந்து, வயதாகி, நிறம் மாறிவிட்டவை. நடுவில் இருப்பவை இன்று விரிந்தவை. புதுப் பூவில்தான் தேன். நிறம் மாறிய பூ, வண்ணத்துப்பூச்சிக்குக் கடை சாத்தியாச்சு என்று சொல்கிற பலகை மாதிரி. ஆகவே மொட்டு, புதுப் பூ, பழைய பூ மூன்றின் நிறத்தையும் எழுத வேண்டும். நான் ஓர் எழுத்தோடு நிறுத்திவிட்டேன்.

களைச்செடிதானே, எந்த ரகமாக இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 1902இல் ஹவாயில் உண்ணிச்செடியைத் தின்னவென்றே மெக்சிகோவிலிருந்து பூச்சிகளைக் கொண்டுபோய் விட்டார்கள். அதற்குப் பிறகு பல நாடுகளில் எத்தனையோ பூச்சிகளை இறக்கியும் செடி அசரவில்லை. ஒரு காரணம், பூச்சிக்கும் நோய்க்கும் ரகம் பிடித்துப் போக வேண்டும். பிரேசிலிலிருந்து எடுத்த ஒரு துருப்பூஞ்சையை 2001இல் ஆஸ்திரேலியாவில் விட்டார்கள். அது இளஞ்சிவப்புப் பூ ரகத்தின் இலையில் ஏறும். மற்ற நிறப் புதர்களோ பெரும்பாலும் தப்பித்துவிடும். எதிரி எந்த ரகம் என்று தெரியாமல் அதற்கு எமனைத் தேடுவது குருட்டாம்போக்கு வேலை.

அந்த ரகங்களை உண்டாக்கியதும் நாம்தான். அமெரிக்க வெப்பமண்டலச் செடியை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய், தோட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக ஒன்றோடொன்று கலப்பினம் செய்து, நூற்றுக்கணக்கான அலங்கார ரகங்களை எடுத்தார்கள். அவைதான் கப்பலேறி எங்கும் போய் வேலி தாண்டின. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் 'லன்டானா கமாரா' என்று வைத்த பெயருக்குள் இப்போது ஒரு கலவையே குடியிருக்கிறது. "டி.என்.ஏ. பார்கோடு போட்டா தெரிஞ்சிடுமே" என்பார்கள். அந்தப் பார்கோடு சிற்றினங்களைப் பிரிக்க எடுத்த துண்டு. இப்படி அண்ணன் தம்பியாகக் கலந்து கிடக்கும் ரகங்களிடம் அது செல்லாது. அதனால்தான் மைக்ரோசாட்டிலைட் பக்கம் போனேன். இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. பகுதிகள் அவை. எத்தனை முறை திரும்புகிறது என்பது செடிக்குச் செடி மாறும்.

முதலில் டி.என்.ஏ. வர வேண்டுமே! உண்ணி இலை உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, உள்ளே ஃபீனால்கள் நிறைய. அரைத்ததும் காற்றுப் பட்டுக் கறுத்துவிடும். முதல் வாரம் முழுக்க என் குழாயின் அடியில் கிடைத்தது பழுப்புக் கோந்து. அதை வைத்து, டி.என்.ஏ.வைப் பல பிரதிகளாகப் பெருக்கும் பி.சி.ஆர். ஓட்டினால், டி.என்.ஏ. பட்டையாகத் தெரிய வேண்டிய ஜெல்லில் வெறும் இருட்டு. கொழுந்து இலையாகப் பறித்து, அங்கேயே சிலிக்கா ஜெல்லில் போட்டு உலர்த்தி, கரைசலில் ஃபீனாலைப் பிடித்துவைக்கும் பி.வி.பி.யும், கறுப்பதைத் தடுக்கும் மெர்காப்டோஎத்தனாலும் கூட்டிய பிறகுதான் வெள்ளையாக ஏதோ படிந்தது. மெர்காப்டோஎத்தனாலின் அழுகல் நாற்றத்துக்கு உண்ணி இலை வாசனை எவ்வளவோ மேல்.

அடுத்த தவறு இன்னும் பெரியது. ஒரு செடியின் டி.என்.ஏ.வில் ஓர் இடத்துக்கு அதிகபட்சம் இரண்டு வடிவம், தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்றுதான் பாடத்தில் படித்திருந்தேன். கருவியின் வரைபடத்தில் ஒரு வடிவத்துக்கு ஒரு சிகரம் வரும். எனக்கு மூன்று, நான்கு சிகரங்கள் வந்தன. கலப்படம் என்று முடிவுகட்டி அத்தனை மாதிரிகளையும் ஒதுக்கினேன். ஆய்வகத்தில் சீனியர் அக்கா ஒருவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "குரோமோசோம் எத்தனைன்னு பார்த்தியாப்பா?" என்றார். பார்க்கவில்லை. உண்ணியின் அடிப்படை எண், அதாவது ஒரு தொகுதியில் இருக்கும் குரோமோசோம்கள், 11. 22, 33, 44, 55, 66 என்று எல்லா மடங்கிலும் செடிகள் உண்டு. 44 தான் நிறைய. நான்கு தொகுதி வைத்திருக்கும் செடி நான்கு சிகரம் காட்டாமல் என்ன செய்யும்? ஒதுக்கியதையெல்லாம் திரும்ப எடுத்தேன். இரண்டு சிகரம் மட்டும் காட்டும் செடியில், நான்கு பிரதிகளில் அவை இரண்டுக்கு இரண்டா, மூன்றுக்கு ஒன்றா என்ற தலைவலி இன்றுவரை தீரவில்லை.

இந்தியாவில் உண்ணியின் மரபணுத்தொகுதியைப் பரவலாக ஆராய்ந்தவர்கள், செடிகள் ஊர்வாரியாகப் பிரியாமல் பூ நிறத்தை ஒட்டிப் பிரிவதைப் பார்த்திருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும் நிறங்கள் பெரிதாகக் கலக்கவில்லை. தன் மகரந்தத்திலேயே விதை கட்டிக்கொள்வது அதற்குக் காரணம் என்கிறார்கள். படித்ததும் எனக்கு அந்த "ம" இன்னும் உறுத்தியது.

ஏனென்றால் பதினொன்றும் பதினான்கும் நான் பார்த்த எல்லா மைக்ரோசாட்டிலைட் பகுதிகளிலும் அச்சு அசல் ஒன்றாக இருந்தன. பதினான்குக்கு எதிரே "இளஞ்சிவப்பு" என்று தெளிவாக எழுதியிருந்தேன். குழாயை மாற்றிவிட்டேன் என்று நினைத்து இரண்டையும் புதிதாக அரைத்து ஓட்டினேன். அப்போதும் ஒன்றுதான்.

திரும்பப் போய், கையெல்லாம் முள் கீறச் சருகை விலக்கினேன். பதினொன்றின் ஒரு கிளை தரையில் படுத்து, மண் பட்ட இடத்தில் வேர் விட்டு, நாலு எட்டு தள்ளிப் பதினான்காக எழுந்து நின்றது. இரண்டு பக்கமும் நடுப்பூ மஞ்சள், ஓரப்பூ மஜந்தா. அந்த மஜந்தாவைத்தான் ஒரு நாள் அவசரத்தில் இளஞ்சிவப்பு என்று எழுதியிருக்கிறேன். பதினான்கை அடித்து 11-அ என்று மாற்றினேன். "ம"வை அப்படியே விட்டுவிட்டேன்.