மேலிருந்து விழுபவை

கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு என்றதும் பெரும்பாலானோர் நினைவுக்கு வருவது ஹெல்மெட்தான். வாசலில் ஹெல்மெட் இல்லாதவரைத் திருப்பி அனுப்பும் தளங்களிலேயே, பத்தாவது மாடியின் ஓரத்தில் செங்கல் அடுக்கியிருப்பதை யாரும் ஏனென்று கேட்பதில்லை. சென்னையின் அடுக்குமாடிப் பணிகளில் பாதுகாப்பு அலுவலராக இருக்கும் எனக்கு இந்த முரண் இன்னும் பழகவில்லை.

கணக்கைப் பார்ப்போம். ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரமான இ.என். 397, 5 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்திலிருந்து அதன்மேல் விழச்செய்து சோதிக்கிறது. அந்த மோதலின் ஆற்றல் ஏறத்தாழ 49 ஜூல். மூன்று கிலோ எடையுள்ள செங்கல் ஒன்று அதே ஆற்றலைப் பெற 1.7 மீட்டர் விழுந்தாலே போதும். 30 மீட்டரிலிருந்து விழுந்தாலோ இரண்டரை வினாடிக்குள் தரையைத் தொடும். அப்போது வேகம் மணிக்கு 87 கிலோமீட்டர், ஆற்றல் 880 ஜூலுக்கும் மேல். மேலே ஒருவர் கத்தி, அது கீழே நிற்பவர் காதில் விழுந்து, அவர் நகர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சத்தம் கேட்டு அண்ணாந்து பார்ப்பது இன்னும் ஆபத்து. அப்போது அடியை வாங்குவது ஹெல்மெட் அல்ல, முகம். தெறிக்கும் கலவைத் துண்டுக்கும் சிறு நட்டுக்கும் ஹெல்மெட் நிச்சயம் உதவும். செங்கல்லுக்கு அதை நம்பியிருக்க முடியாது.

ஆகவே தடுக்க வேண்டிய இடம் மேலே இருக்கிறது. பொருள் விழுந்தால் கைதவறவிட்ட தொழிலாளியைத் திட்டுவது வழக்கம். ஆனால் நான் பார்த்தவரை, கையிலிருந்து நழுவுவதைவிட, வைத்த இடத்திலிருந்து தட்டுப்பட்டும் காற்றில் புரண்டும் விழுவதே அதிகம். சாரப் பலகையின் விளிம்பில் கிடக்கும் கிளாம்ப், தளத்தின் ஓரத்தில் சாய்த்து வைத்த ப்ளைவுட், மாலையில் வேலை முடிந்ததும் அப்படியே விட்டுப்போன கலவைச் சட்டியான பாண்டு, இவற்றில் எதற்கும் யாருடைய கையும் தவறத் தேவையில்லை. சாரத்தின் ஓரம் முழுவதும் 15 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பலகை அடித்தால் உருண்டுவரும் பொருள் நின்றுவிடும். பலகையின் உயரத்தைத் தாண்டிச் செங்கல் அடுக்குவதானால், கைப்பிடிக் குழாய் வரை கம்பி வலையும் கட்டியாக வேண்டும். பலகை அடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் இடுப்புயரத்துக்கு அடுக்குவதைப் பல தளங்களில் பார்க்கிறேன். பொருள் நழுவி விழக்கூடிய, சாரத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தோ பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை.

கட்டடத்தைச் சுற்றித் தொங்கும் பச்சை வலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது தூசியையும் வெயிலையும் மறைக்கும் துணி. தெருவில் போகிறவருக்கு நிம்மதி தருமே தவிர, செங்கல்லைத் தாங்குவதற்காக அது தயாரிக்கப்பட்டதல்ல. பொருளைப் பிடிக்கும் வலை வேறு. அதைச் சட்டத்தோடு உறுதியாகக் கட்டி, உள்ளே நுண்கண் வலையையும் விரித்தால்தான் சிறு துண்டுகள் தங்கும்.

இந்தியாவில் 1998ஆம் ஆண்டின் மத்திய கட்டடத் தொழிலாளர் விதிகள், கட்டி முடிக்கும்போது 15 மீட்டரோ அதற்கு மேலோ உயரம் வரக்கூடிய கட்டடத்தைச் சுற்றி, அடிமட்டத்திலிருந்து 5 மீட்டருக்கு மிகாத உயரத்தில், குறைந்தது 2 மீட்டர் அகலமுள்ள மேல்தடுப்பை அமைக்கச் சொல்கின்றன. விழுந்தது உள்பக்கமாகச் சரியும்படி அதன் வெளி விளிம்பு உயர்ந்திருக்க வேண்டும். விதி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தடுப்பின்மேல் சேரும் குப்பையை வாரத்துக்கொருமுறை அள்ளாவிட்டால், அதுவே அடுத்து விழக் காத்திருக்கும் சுமையாகிவிடுகிறது.

கான்கிரீட்டைத் தாங்க அடித்த சென்ட்ரிங்கைப் பிரிக்கும் நாள்தான் எனக்கு மிகவும் கவலை தரும் நாள். பிரித்த தகரத்தையும் பலகையையும் இறக்கச் சோம்பி மேலிருந்தே வீசுவார்கள். வீசியது சாரக் குழாயில் பட்டுத் தெறித்தால் எங்கே போய் விழும் என்று சொல்லவே முடியாது. அதனால் கீழே ஆட்கள் வராமலிருக்கக் கட்டும் கயிற்றைச் சுவரை ஒட்டிக் கட்டாமல் நன்றாகத் தள்ளிக் கட்டி, ஓர் ஆளையும் நிறுத்துகிறோம். அந்த ஆள் வேறு வேலைக்குப் போகக் கூடாது என்று மேஸ்திரியிடம் ஒவ்வொரு முறையும் வாதாட வேண்டியிருக்கிறது.

கருவிகளைக் கயிற்றால் பிணைப்பதற்கென்றே அமெரிக்காவில் 2018இல் தரநிலை ஒன்று வெளியானது. ஸ்பேனர், சுத்தியல் போன்றவற்றை இடுப்புப் பட்டையில் மாட்டலாம்; ஏறத்தாழ இரண்டேகால் கிலோவுக்கு மேற்பட்ட கருவியை ஆளோடு கட்டாமல் கட்டமைப்போடு கட்ட வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை, ஏனெனில் அது விழும்போது ஆளையும் இழுத்துவிடும். கொத்தனார் கலவை பூசும் கரண்டிதான் இதில் சிக்கல். அது அவருடைய சொந்தக் கருவி. கயிறு கோக்கத் துளையும் கிடையாது. பிடியில் துளையிட அவர் சம்மதிக்க மாட்டார், துளையிட்டால் பிடியும் பலம் குறையும். இதற்கென்று விற்கும் வளையத்தைப் பிடியின்மேல் பட்டையால் இறுக்கிச் சுற்றிக் கொடுத்த பிறகு சிலர் ஏற்றுக்கொண்டார்கள். மற்றவர்களோ கலவை பூசும்போது கயிறு ஈரச்சுவரில் உரசித் தடம் போடுகிறது என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். அதனால் அவர்கள் வேலை செய்யும் பகுதிக்குக் கீழே நடமாட்டத்தையே நிறுத்திவிடுகிறோம்.