ஃபியூவல் செல் பங்கா? முதலில் அது எதைத் தின்கிறது என்று பாருங்கள்

ஜொகூரில் எங்கள் கூலாயைச் சுற்றி செம்பனை இருந்த இடமெல்லாம் டேட்டா சென்டராக எழும்புவதாலோ என்னவோ, எங்கள் தாமான் ஒட்டுக்கடையில் இப்போது ஃபியூவல் செல் பங்குப் பேச்சுதான். ப்ளூம், ப்ளக், பல்லார்ட், ஃபியூவல்செல் எனர்ஜி, நாலு கம்பெனியும் ஒரே சரக்கு மாதிரி பேசுகிறார்கள். எரிக்காமல் வேதிவினையில் கரண்ட் எடுப்பது மட்டும்தான் பொது, மற்றபடி நாலும் வேறு வேறு பிழைப்பு.

ஃபியூவல் செல் பெட்டி எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் அதற்குத் தீனி, அதாவது எரிபொருள், எங்கிருந்து வரும் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். நம் செம்பனை எண்ணெய் ஆலை பாய்லருக்கு நாரும் கொட்டை ஓடும் ஆலையிலேயே கிடைப்பதால்தானே கட்டுப்படியாகிறது.

பல்லார்டும் ப்ளக்கும் செய்வது 80 டிகிரி சூட்டுக்குப் பக்கத்தில் வேலை செய்யும் ரகம். சட்டென்று கிளம்பும், ஆனால் சுத்தமான ஹைட்ரஜன் வேண்டும், உள்ளே பிளாட்டினம் வேறு. பல்லார்ட் பஸ்ஸைப் பிடித்தது. 1979இல் தொடங்கிய கம்பெனி, இன்னும் நிலையான லாபம் காணவில்லை. ப்ளக் கிடங்கு ஃபோர்க்லிஃப்டைப் பிடித்தது, அது கெட்டிக்காரத்தனம்தான்: பேட்டரி சார்ஜ் ஏற மணிக்கணக்கில் நிறுத்தாமல் சில நிமிடத்தில் நிரப்பிக்கொண்டு ஓட்டலாம், அமேசானும் வால்மார்ட்டும் வாடிக்கையாளர்கள். ஆனால் ஹைட்ரஜனை அடக்கவிலைக்கும் கீழே கொடுத்துக் கொடுத்து, கம்பெனி தொடர்ந்து நடக்குமா என்பதே சந்தேகம் என்று 2023 நவம்பரில் அவர்களே அறிக்கையில் எழுதும்படி ஆயிற்று.

ப்ளூமின் திட ஆக்சைடு ரகம் 800 டிகிரிக்குப் பக்கம் கொதிக்கும், குழாயில் வரும் இயற்கை எரிவாயுவே அதற்குப் போதும். (பசுமை என்று நம்பி வாங்குபவர்கள் கவனிக்க, கார்பன் டை ஆக்சைடு வரத்தான் செய்யும்.) டேட்டா சென்டர்காரனுக்கு பொது மின்கட்டமைப்பு (கிரிட்) இணைப்புக்காக வருடக்கணக்கில் காத்திருக்க முடியாது, 2024இல் ஏஇபி என்ற அமெரிக்க மின்நிறுவனம் 1 கிகாவாட் வரை வாங்க ஒப்பந்தம் போட்டதற்கு அதுதான் காரணம். நிறுவனர் கே.ஆர். ஸ்ரீதர் திருச்சி ஆர்இசி பொறியியல் கல்லூரியில் படித்தவர், செவ்வாயில் ஆக்சிஜன் தயாரிக்கும் ஆராய்ச்சியை நாசாவுக்காகச் செய்தவர். 'நம்ம ஆளுப்பா' என்று அதற்காகவே வாங்கிய அண்ணன் ஒருவர் இங்கே இருக்கிறார். லாபத்தில்தான் இருக்கிறார், என்ன சொல்வது!

எனக்கு ஆசை வந்தது ஃபியூவல்செல் எனர்ஜி மேல். அதன் உருகிய கார்பனேட் ரகத்துக்கு பயோகேஸ் ஒத்துவரும், ஆலைக் கழிவுக் குட்டையில் குமிழ் விடுகிற அதே வாயு, அந்த அழுகல் முட்டை நாற்றத்துக்குக் காரணமான கந்தகத்தை மட்டும் வடிகட்டியாக வேண்டும். சரி, பங்குக் கணக்குக்கு வாருங்கள். 2015இல் 12 பங்கை ஒன்றாக்கினார்கள், 2019இல் மறுபடி 12ஐ ஒன்றாக்கினார்கள், 2024இல் 30ஐ. முதல் தடவைக்கு முன் 4,320 பங்கு வைத்திருந்தவர் கையில் இன்று ஒன்று. ஒன்றாக்குவதால் மட்டும் நட்டம் வராது. நடுநடுவே புதுப் பங்கு விட்டுப் பணம் திரட்டுகிறார்கள் பாருங்கள், பழைய ஆள் கரைவது அதில்தான்.

அதனால் ஆண்டறிக்கையைத் திறந்தால் நேராக இரண்டு இடத்துக்குப் போங்கள்: அடக்கவிலை விற்பனையை மிஞ்சுகிறதா, பங்கு எண்ணிக்கை ஐந்து வருடத்தில் எவ்வளவு ஊதியிருக்கிறது. நாலில் ப்ளூமின் கணக்குதான் எனக்குச் சகிக்கிறது, ஆனால் 2025இல் ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு அந்த விலையில் தொடமாட்டேன். அப்புறம், சேமநிதிப் பணத்தை எடுத்து இதில் போடலாமா என்று கேட்ட தம்பிக்கு: வேண்டாம்பா.