கேட்டைச் சாத்தச் சொன்ன பாட்டி

சிங்கப்பூரில் தீவிர சிகிச்சைப் பிரிவில் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் தாதி நான். பாட்டி யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மற்றபடி நடந்தது இதுதான்.

பாட்டிக்கு எழுபது தாண்டிவிட்டது. குடலில் கட்டி. வெட்டி எடுத்துத் தைத்து நாலாவது நாள். சுவாசக் குழாயை முந்தாநாளே எடுத்துவிட்டார்கள். பகல் ஷிப்ட் பார்த்தவர் மணிலாக்காரர், கெட்டிக்காரர். "நன்றாக இருக்கிறார், சிரித்துச் சிரித்துப் பேசுகிறார்" என்று ஒப்படைத்துவிட்டுப் போனார். விழிப்புநிலைக்கு 15க்கு 15 போட்டிருந்தார்.

பாட்டி என்னைப் பார்த்ததும் நிஜமாகவே சிரித்தார். "வா மிஸ்ஸி. அந்தக் கேட்டைச் சாத்தும்மா, மாடு வெளியே போயிடும்."

தமிழ் தெரியாத ஒருவருக்கு இது கலகலப்பான பேச்சு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முந்தின ராத்திரி இதே பாட்டி, தேக்கா மார்க்கெட்டில் மீன் என்ன விலை விற்கிறது என்று என்னோடு வாதாடியவர்.

திரையைப் பார்த்தால் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. காய்ச்சல் 37.1. ஆனால் தையல் வலிக்காக ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை பாரசிட்டமால் போகிறது, பிறகு காய்ச்சல் எப்படித் தெரியும்? நாடி 88. அவர் மெட்டோப்ரோலால் சாப்பிடுபவர், அது நாடியை ஏற விடாது. வெள்ளை அணுக்கள் 14,000. பெரிய அறுவை சிகிச்சை முடிந்தவர்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். ரத்த அழுத்தம் 104க்கு 50. கேட்க மோசமில்லை, ஆனால் வழக்கமாக 150 இருக்கிற ஆள். சிறுநீர் மணிக்கு 45, 30, 20 மில்லி என்று இறங்கிக்கொண்டே வந்திருந்தது. மூச்சு விகிதத்துக்கு நேரே 18, 18, 18 என்று வரிசையாக இருந்தது. எண்ணாமல் குத்துமதிப்பாகப் போடுகிற அந்த 18 எப்படி வருகிறது என்று எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணினேன். 26.

எனக்கு வந்த சந்தேகம் செப்சிஸ். குடும்பத்தினர் அதை "கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது" என்பார்கள். அது பாதிக் கதைதான். கிருமியோடு மல்லுக்கட்டக் கிளம்பிய உடம்பு, நிலைதடுமாறித் தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்வதுதான் செப்சிஸ். 2016இல் வந்த வரையறை சொல்வது இதைத்தான். அதற்கு முன்பு காய்ச்சல், நாடி, மூச்சு, வெள்ளை அணு என்று நாலைப் பார்த்தார்கள், அந்தக் கணக்கில் எங்கள் பிரிவில் பாதிப்பேருக்கு செப்சிஸ்! இப்போது நுரையீரல், ரத்தத் தட்டணு, கல்லீரல், ரத்த அழுத்தம், மூளை, சிறுநீரகம் ஆறுக்கும் மதிப்பெண் போட்டு, முன்பு இருந்ததைவிட 2 கூடியிருக்கிறதா என்று பார்க்கிறோம். அந்த "முன்பு" என்பதில்தான் சிக்கல். எங்களிடம் வருபவர்கள் ஏற்கெனவே நாலைந்து மதிப்பெண்ணோடுதான் வருகிறார்கள்.

பணியில் இருந்த டாக்டர் முதலில் மனக்குழப்பம் என்றார். தூக்கமில்லை, மார்ஃபின் போகிறது, வயதானவர். அவர் சொன்னதில் தப்பே இல்லை. வாரத்துக்கு நாலு பேரை அப்படிப் பார்க்கிறோம். நான் மாட்டுக் கதையை மொழிபெயர்த்துச் சொன்னேன், சிறுநீர்க் கணக்கையும் காட்டினேன். அவர் பாட்டியின் விரல் நகத்தை அழுத்திப் பிடித்து விட்டார். நிறம் திரும்ப ஐந்து விநாடிக்கு மேல் ஆனது. மூன்றுக்குள் வந்திருக்க வேண்டும். ரத்த ஓட்டம் குறைந்தால் முழங்காலில் நீலவலை போலப் படருமே, பாடப்புத்தகப் படங்களில் பளிச்சென்று தெரியும். நம் நிறத்தில் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உறுப்புகள் திணறும்போது ரத்தத்தில் ஏறுகிற லாக்டேட் 3.6. 2க்கு மேல் போனாலே கவலைப்படுவோம். இரண்டு இடத்தில் குத்தி ரத்தம் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பாட்டில்களில் நிரப்பினோம், உடனே ஆன்டிபயாட்டிக். ஸ்கேனில் குடலில் போட்ட தையல் ஒழுகுவது தெரிந்தது. விடிவதற்குள் மறுபடி தியேட்டருக்குப் போய்விட்டார்.

பாட்டிலில் மறுநாள் குடல் கிருமி வளர்ந்தது. பல தடவை ஒன்றுமே வளராது, அப்போதும் செப்சிஸாக இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு டெஸ்ட் இல்லை. நான் எப்போதும் சரியாகச் சொல்பவள் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு முந்தின மாதம் ஒருவருக்கு நடுக்கம் வந்ததும் செப்சிஸ் என்று ஊரைக் கூட்டினேன். கடைசியில் அது மருந்து ஒவ்வாமை. அந்தக் கிண்டல் இன்னும் ஓயவில்லை.

பாட்டி மூன்று வாரம் இருந்துவிட்டு சாதாரண வார்டுக்கு மாறினார். மகளிடம் மாட்டைப் பற்றிக் கேட்டேன். "அம்மாவுக்கு மாடுன்னாலே பயங்க, எங்க வீட்ல ஏது மாடு" என்றார்.

இப்போதெல்லாம் தமிழ் நோயாளி வந்தால் வீட்டாரிடம் முதலில் கேட்பது, "சாதாரணமா எப்படிப் பேசுவாங்க?" என்றுதான். பதிலை ஆங்கிலத்தில் எழுதித் தலைமாட்டில் ஒட்டுவேன். காகிதம் ஒட்டினால் கிருமி தங்கும் என்று தொற்றுக்கட்டுப்பாட்டுக்காரர்கள் கிழித்துப் போட்டார்கள். சரி என்று லேமினேட் செய்து மாட்டியிருக்கிறேன்.