அக்காவின் விலாசத்தை அழிக்க வெளிக்கிட்ட கதை

போன மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணி. பரந்தன் சந்தியில் என்ர கொமினிக்கேசன் கடைக்கு முன்னால் ஒரு ஓட்டோ வந்து நிண்டது. ஓட்டுறவர் எங்கட ஒழுங்கையில் இருக்கிறவர். "தம்பி, அம்மா பின்னால இருந்து அழுதுகொண்டு வாறா. நகை அடைவு வைக்கவாம். எனக்கு மனம் கேக்கேல்ல, உம்மட கடையடியில நிப்பாட்டினன்" என்றார். அம்மாவின் கையில் கைலேஞ்சிக்குள் சுத்தின சங்கிலி.

அமெரிக்காவில் இருந்து எண்டு சொல்லி ஒரு கள்ளன் அம்மாவோடு போனில் தமிழில் கதைத்திருக்கிறான். அத்தானுக்கு அக்சிடென்ற், ஒப்பரேசனுக்குக் காசு கட்ட வேணும், அக்கா கதைக்கிற நிலையில் இல்லை, ஆறு லட்சத்தை உடனே ஒரு கணக்குக்குப் போடுங்கோ என்று. நியூ ஜேர்சியில் அப்ப விடிய ஆறரை. அக்கா போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு நித்திரை. அம்மா நம்பினது காசுக் கதையால் இல்லை. அக்கா போன வருசம் வாங்கின வீட்டின் ரோட்டுப் பேர், வீட்டு இலக்கம், அத்தானின் வயது எல்லாத்தையும் அவன் பிழையில்லாமல் சொன்னதால்.

அண்டைக்கு இரவு அக்காவின் பேரையும் ஊரையும் கூகிளில் போட்டுப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே வயது, போன் நம்பர், புது வீட்டு விலாசம், முந்தி வாடகைக்கு இருந்த மூண்டு அப்பார்ட்மென்ற், "உறவினர்கள்" என்று அத்தானும் மாமியும். அங்கே வீட்டு உறுதி பொதுப் பதிவு, வாக்காளர் பட்டியலையும் கணிசமான மாநிலங்களில் எடுக்கலாம். அதையெல்லாம் அள்ளி ஒட்டி விக்கிறவங்கள்தான் தரவுத் தரகர்கள். இஞ்ச பெர்மிட் காணிக்கு ஒரு கடுதாசி எடுக்க நாங்கள் பிரதேச செயலகத்துக்கு எத்தனை தரம் நடக்கிறம், அங்க வீடு வாங்கினவுடனே ஊருக்கே தெரியுது.

நான் நாள் முழுக்க மற்ற ஆக்களுக்கு ஒன்லைன் விண்ணப்பம் நிரப்புறவன். "இது எனக்கு ஒரு வேலையே அக்கா" என்று சொல்லிப்போட்டன். அந்த வாய்க்குத்தான் பிறகு இவ்வளவும்.

காசு வாங்கிக்கொண்டு இந்தப் பக்கங்களை அழித்துத் தரும் சேவைகள் நிறைய இருக்கு. டிலீட்மீ, ஒப்டரி, இன்கோக்னி, கனரி, ஈசி ஒப்ட் அவுட்ஸ் என்று போகும். எல்லாரும் "இத்தனை நூறு தளங்களில் இருந்து" என்று பெரிய இலக்கம்தான் காட்டுவினம். அந்த இலக்கத்தை நம்பி நான் எடுத்த முதல் சேவையில் மோசம் போனேன். அது ஆர் என்று இஞ்ச எழுதேல்ல. வருசத்துக்கு நூறு டொலருக்கு மேல. பட்டியலைக் கீழே வரைக்கும் இழுத்து வாசித்திருந்தால் தெரிந்திருக்கும்: பாதிக்கு மேல் "நீங்கள் இணைப்பைக் கண்டுபிடித்துத் தந்தால் நாங்கள் கேட்டுப் பார்ப்பம்" என்ற வகை. கண்டுபிடிக்கிறது நானெண்டால் உனக்கு ஏன் காசு?

அந்தக் காசைக் கட்டின கதை இன்னொரு கூத்து. தம்பி கட்டினான் என்று இருக்கட்டும் என்று என்ர வங்கி அட்டையைப் போட்டேன். ஏற்கேல்ல. வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்து விட்டிருக்கவில்லை. கிளிநொச்சிக் கிளைக்குப் போனால், "உங்கட கணக்கு முல்லைத்தீவில் திறந்தது, அங்க போய்த்தான் எழுதிக் குடுக்க வேணும்" என்றா அந்தப் பிள்ளை, தலையை நிமிர்த்தாமல். கடையைப் பூட்டிவிட்டு ஏ-35 ரோட்டால் பஸ். தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வொரு சந்தியிலும் நிண்டு நிண்டு போய் இறங்க, அலுவலர் சாப்பிடப் போயிட்டார். வந்து படிவத்தைப் பார்த்துவிட்டு, "என்னத்துக்குக் கட்டப் போறீங்கள்?" என்றார். விளங்கப்படுத்தினேன். "பேரை அழிக்கக் காசோ?" என்று பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சொன்னார்: "இதை உங்கட கிளிநொச்சியிலயே செய்யலாமே, ஆர் உங்களை இஞ்ச அனுப்பினது?"

அண்டைக்கு இரவு அக்கா தன்ர அட்டையால் ரெண்டு நிமிசத்தில் கட்டினா.

அடுத்தது விபரம் குடுக்கிற கட்டம். முழுப் பேர், பிறந்த திகதி, இருந்த விலாசங்கள் எல்லாம், பாவிச்ச போன் நம்பர்கள் எல்லாம். அதுக்கு மேல் சாரதி அனுமதிப்பத்திரத்தின் படமும் கேட்டது. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "என்ன, திரும்பவும் பதிவோ?" என்றா. 2009இல் மெனிக் பாம் அகதி முகாமில் எத்தனை தரம், எத்தனை பேரிட்ட, ஒரே பேரையும் வயதையும் சொல்லி எழுதுவித்தா என்று அம்மாவுக்குத்தான் தெரியும். எனக்குக் கொஞ்ச நேரம் கை ஓடேல்ல. அழிக்கிறதுக்கும் முதலில் எழுதிக் குடுக்கத்தான் வேணும். அதுக்கு வேற வழியில்லை. ஆனால் எவ்வளவு என்பது எங்கட கையில். அனுமதிப்பத்திரத்தில் இலக்கத்தையும் படத்தையும் கறுப்படித்து அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள். மின்னஞ்சலும் இதுக்கென்றே புதிசாக ஒண்டு திறந்தோம். சமூகப் பாதுகாப்பு இலக்கத்தை (அங்க அரசாங்கம் ஆளுக்கு ஒண்டாகக் குடுக்கிற இலக்கம்) ஆர் கேட்டாலும் அந்தப் பக்கத்தை மூடிப்போட்டு எழும்புங்கோ.

மூண்டு கிழமையால் அழகான அறிக்கை வந்தது. "72 தளங்களில் அகற்றப்பட்டது." அக்கா சந்தோசத்தில் எனக்கு இதயப் படம் அனுப்பினா. நான் சும்மா ஒருக்கா கூகிளில் போட்டேன். புது வீட்டு விலாசம் அப்படியே கிடக்கு!

எங்க பிழை என்று ரெண்டு நாள் மண்டையை உடைத்தேன். எங்கட பேர்தான் பிழை. அமெரிக்காக்காரனுக்குக் கடைசிப் பேர் வேணும். அக்காவுக்கு அது விசாவில் அப்பாவின் பேர், கலியாணத்துக்குப் பிறகு அத்தானின் பேர். ஒரு வேலையிடத்தில் தலைகீழாக, அக்காவின் பேர் கடைசிப் பேராகவும் அப்பாவின் பேர் முதல் பேராகவும் ஏறியிருக்கு. மின்சாரக் கட்டணத்தில் வேற எழுத்துக்கூட்டல். தரகர்களிட்ட அக்கா ஒரு ஆளில்லை, நாலு ஆள். சேவை தேடினது ஒரு ஆளை. அந்த 72இலும் பாதியில் அக்கா முதலே இருந்தாவோ என்று எனக்கு இப்பவும் சந்தேகம். தமிழ்ப் பேரோடு அங்க இருக்கிற ஆரும் சேவை எடுக்க முதல் பார்க்க வேண்டியது விலையை இல்லை, மாற்றுப் பேர் எத்தனை சேர்க்கலாம் என்பதை.

முப்பது நாளுக்குள் காசு திருப்பித் தருவம் என்று எழுதியிருந்தது. இருபத்தெட்டாம் நாள் கேட்டோம். அரட்டைப் பெட்டியில் ஏதோ இயந்திரம் "உங்கள் உணர்வைப் புரிந்துகொள்கிறோம்" என்று நாலு தரம் சொன்னது. ஐந்தாம் தரம் விலாசம் இன்னும் தெரிகிற பக்கத்தின் ஸ்கிரீன்ஷொட்டை, திகதியோடு, அவங்கட "அகற்றப்பட்டது" வரிக்குப் பக்கத்தில் ஒட்டி அனுப்பினேன். மற்ற நாள் முழுக்காசும் வந்தது.

அதுக்குப் பிறகுதான், முதலே வாசித்திருக்க வேண்டியதை வாசித்தேன். அமெரிக்காவில் பொருள்களையும் சேவைகளையும் சோதித்து எழுதுகிற கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் 2024இல் ஏழு சேவைகளை நாலு மாதம் சோதித்துப் பார்த்திருக்கு. 13 ஆள்தேடு தளங்களில் (பேரைப் போட்டால் ஆளின் விலாசமும் நம்பரும் காட்டுற தளங்கள்) இருந்த பதிவுகளில் அந்தச் சேவைகள் எல்லாம் சேர்ந்து அழித்தது 35 வீதம். கையால் தாங்களே அழித்தவர்களுக்கு 70 வீதம். 249 டொலர் ஒப்டரி 68 வீதம், 19.99 டொலர் ஈசி ஒப்ட் அவுட்ஸ் 65 வீதம். விலை கூடினால் வேலை கூடும் என்று நினைக்கிற ஆக்களுக்கு இது போதும். அதே 2024இல், பயர்பொக்ஸ் உலாவியைச் செய்யிற மொசில்லாவுக்கு இந்த அழிக்கிற வேலையைச் செய்து குடுத்த வன்ரெப் நிறுவனத்தின் தலைவரே முந்தி ஆள்தேடு தளங்களைத் தொடங்கினவர் என்று பிரையன் கிரெப்ஸ் என்ற பத்திரிகையாளர் எழுத, மொசில்லா அவங்களை விட்டு விலகப் போறம் என்று அறிவித்தது. பூட்டுச் செய்யிறவனே திறப்பு விக்கிறது.

கடைசியில் மலிவானதை ஒரு வருசத்துக்கு எடுத்தோம், தானாகப் புதுப்பிக்கிறதை அண்டைக்கே நிப்பாட்டினோம். பெரிய தளங்கள் பன்ரெண்டைக் கையால் செய்தோம். அக்கா கலிபோர்னியாவில் இருந்திருந்தால் இதில் கொஞ்ச வேலையாவது குறையும்; அங்க 2026 ஜனவரியில் இருந்து அரசாங்கமே டிறொப் என்று ஒண்டைத் திறந்திருக்கு, பதிவு செய்த தரகர்கள் எல்லாருக்கும் ஒரே விண்ணப்பம், காசில்லை. நியூ ஜேர்சிக்கு அது இல்லை.

கையால் செய்யிறது கஷ்டமில்லை, அலுப்பு. சில தளங்கள் இஞ்ச இருந்து திறக்கவே இல்லை, அமெரிக்காவுக்கு வெளியே எண்டால் வாசலிலேயே மறிக்குது. அதை அக்கா போனில் திறந்து, திரையைப் பகிர, நான் சொல்லச் சொல்ல அழுத்தினா. இன்ரெலியஸுக்கு ஒருக்காச் செய்தால் ட்ரூத்பைண்டர், இன்ஸ்ரன்ற் செக்மேற், யூஎஸ் சேர்ச் எல்லாம் சேர்ந்து போகும், ஒரே முதலாளி. வைற்பேஜஸ் ஒரு இலக்கத்தைத் திரையில் காட்டிவிட்டு இயந்திரக் கோல் எடுக்கும், அந்த இலக்கத்தைப் போனில் அழுத்த வேணும். அக்கா தெரியாத நம்பர் ஒண்டையும் தூக்கமாட்டா. அந்தக் கள்ளக் கோலுக்குப் பிறகு கேட்கவே வேண்டாம். "அக்கா தூக்கு, தூக்கு, அது நாங்கள் கூப்பிட்ட பேய்தான்" என்று விடிய ஒரு மணிக்கு நான் கத்த, அம்மா எழும்பி வந்து விளக்கைப் போட்டா.

நாலு மாதத்தில் பக்கங்கள் பெரும்பாலும் போயிட்டுது. ரெண்டு திரும்ப முளைத்தது, திரும்பவும் அழித்தோம்.

ஆனால் ஒரு விசயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கள்ளன் அத்தானைச் சொன்னது செல்லப் பேரில். அது எந்த அமெரிக்கத் தளத்திலும் இல்லை. அம்மாவின் போன் நம்பரும் அங்க இல்லை. ஒரு நாள் கடையில் பழைய கோப்புகளைத் தட்டிக்கொண்டிருக்கும்போது அது கண்ணில் பட்டது. மூண்டு வருசத்துக்கு முந்தி அப்பாவுக்கு நான் தட்டின மரண அறிவித்தல். "...பிறப்பிடமாகவும், கிளிநொச்சியை வதிவிடமாகவும் கொண்ட..." என்று தொடங்கி, பாசமிகு மகள் அமெரிக்கா, மருமகனுக்கு அடைப்புக்குறிக்குள் செல்லப் பேர், கீழே "தொடர்புகளுக்கு: மனைவி" என்று அம்மாவின் நம்பர். இணையத்தில் இண்டைக்கும் படத்தோடு கிடக்கு. நான் எழுதினது, நானே காசு கட்டிப் போட்டது. அந்த 72 தளத்திலும் இது இல்லை. எந்தச் சேவைக்காரனுக்கும் இப்பிடி ஒரு வழக்கம் எங்களிட்ட இருக்கு என்று தெரியாது.

போட்ட தளத்துக்கு எழுதினேன், பற்றுச்சீட்டு இலக்கம் கேட்டார்கள். நல்ல காலம், என்ர கொப்பியில் இருந்தது. ரெண்டு நாளில் நம்பர்களை எடுத்துவிட்டார்கள், காசு கேட்கேல்ல.

போன கிழமை கண்டாவளையில் இருந்து ஒரு ஐயா தாயின்ர அறிவித்தல் அடிக்க வந்தார். கனடா, லண்டன், சுவிஸ் என்று எட்டுப் பிள்ளைகள், எட்டு நம்பர். நான் ஒண்டு போதும் ஐயா என்றேன். "செத்தவீட்டுக்கு வாற சனம் ஆருக்கு எடுக்கிறது தம்பி?" என்று கோவித்தார். கொஞ்ச நேரம் இழுபட்டு ரெண்டு நம்பருக்குச் சம்மதித்தார். அந்தியேட்டி முடிய அந்த ரெண்டையும் எடுக்கச் சொல்லி எழுத வேணும் என்று கலண்டரில் முப்பத்தோராம் நாளைச் சுத்தி வைத்திருக்கிறேன்.