வெங்காயப் பெட்டி காப்பாற்றிய 92,000 ரூபாய்

“புதுவருடம் முடியட்டும் மிஸ், வேறொன்று மாற்றித் தருகிறேன்” என்று எனக்குப் பழுதான மடிக்கணினியை விற்ற கடைக்காரர் மார்ச் மாதக் கடைசியில் சொன்னபோது, மனிதர் இரங்கிவிட்டார் என்றே நம்பினேன். அந்தப் பேச்சை நம்பிப் பேசாமல் இருந்திருந்தால் என் பணம் போனது போனதுதான்.

இணையத்தில் விளம்பரம் பார்த்து, கொழும்பிலுள்ள ஒரு கடையிலிருந்து பாவித்த மடிக்கணினி ஒன்றை 92,000 ரூபாய்க்கு வாங்கினேன். தைப்பொங்கலுக்கு நான்கு நாள் முன்னதாக, ஜனவரி 10ஆம் திகதி, மட்டக்களப்பு கல்லடியிலுள்ள எங்கள் வீட்டுக்குக் கூரியரில் வந்து சேர்ந்தது. பற்றரி புதியது போன்றது என்றும் மூன்று மாத உத்தரவாதம் உண்டு என்றும் விளம்பரத்தில் இருந்தது. மின்னிணைப்பைக் கழற்றினால் இருபது நிமிடத்தில் அணைந்துவிடும் என்பது வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் தெரிந்தது. விண்டோஸ் தானே தயாரித்துத் தரும் பற்றரி அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். ஆரம்பக் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்கவில்லை. பாவித்த கணினி வாங்குபவர்கள் பொருள் கைக்கு வந்த அன்றே இந்த அறிக்கையை எடுத்துச் சேமித்துவிடுங்கள். நான் எடுத்தது நான்கு வாரம் கழித்து.

இரண்டு தடவை திருத்த அனுப்பினேன். இரண்டு தடவையும் துடைத்துப் பளபளப்பாக்கப்பட்டு, அதே நோயோடு திரும்பி வந்தது. கூரியருக்கு மட்டும் 2,900 ரூபாய். அதன் பிறகுதான் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தேன். என் கதையை முழுவதும் சொல்லவிடாமல், மறுமுனையில் இருந்தவர் முதலில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “பொருள் உங்கள் கைக்கு வந்த திகதி என்ன?”

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, விற்பவர் வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு மாறாகப் பொருள் இருந்தால் அதிகாரசபை விசாரிக்கலாம். இழப்பீடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பித் தரவோ உத்தரவிடலாம். ஆனால் முறைப்பாடு பொருள் விற்கப்பட்டதிலிருந்து மூன்று மாதத்துக்குள் செய்யப்பட வேண்டும். பழுது தெரிந்த நாளிலிருந்து அல்ல, கடைசியாகத் திருத்தி வந்த நாளிலிருந்தும் அல்ல. கைக்கு வந்த நாளை வைத்து எண்ணினாலும் என் கெடு ஏப்ரல் 10. கடைக்காரர் சொன்ன “புதுவருடம்” ஏப்ரல் 14. அவர் தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, அதை அவர் மனச்சாட்சியிடம் விட்டுவிடுகிறேன்.

ஏப்ரல் 7ஆம் திகதி அரை நாள் விடுமுறை எடுத்து, மாவட்டச் செயலகத்தில் முறைப்பாடு கொடுக்கப் புறப்பட்டு, பழக்கதோஷத்தில் அது முன்பு இயங்கிய, புளியந்தீவுக் கோட்டைக்குள் இருந்த பழைய கச்சேரிக்குப் போய் நின்றேன். செயலகம் திராய்மடுவுக்குப் போய்விட்டது என்பது எனக்கு நன்றாகத் தெரியும், கால்களுக்குத்தான் தெரியவில்லை. அங்கிருந்து ஆட்டோ பிடித்து, வியர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தபோது, உத்தியோகத்தர் பொறுமையாகத்தான் கேட்டார்: “தங்கச்சி, பற்றுச்சீட்டு எங்கே?”

பற்றுச்சீட்டு இல்லை. கேட்டால் கொடுத்தே ஆகவேண்டியது வியாபாரியின் கடமை; நான் கேட்கவே இல்லை. வங்கியில் பணம் வைப்பிலிட்ட துண்டு இருந்தது, ஆனால் அதில் கடையின் பெயருக்குப் பதிலாக யாரோ ஒரு தனிநபரின் பெயர் இருந்தது. விளம்பரமோ இணையத்திலிருந்து நீக்கப்பட்டிருந்தது. விற்றவர் வியாபாரி என்று காட்ட முடியாவிட்டால் இந்த வழியில் போக முடியாது என்று அவர் விளக்கினார். வீட்டிலிருந்த தன் பழைய கணினியை ஒருவர் தனிப்பட விற்றதாக இருந்தால், மத்தியஸ்த சபை, நீதிமன்றம் என்று வேறு பாதையில்தான் அலைய வேண்டுமாம்.

அன்று இரவு வீட்டைத் தலைகீழாக்கினேன். கணினி வந்த அட்டைப் பெட்டி குசினியில் இருந்தது. அம்மா அதில் வெங்காயம் போட்டு வைத்திருந்தார். பெட்டியின் பக்கத்தில், தோல் சருகுகளுக்கு நடுவே, கூரியர் சிட்டை கிழியாமல் ஒட்டியிருந்தது: கடையின் பெயர், முகவரி, திகதி எல்லாம் அதில் தெளிவாக இருந்தன. விளம்பரம் கிடைத்தது இன்னும் வேடிக்கை. வாங்குவதற்கு முன் “இது நல்லதா அண்ணா?” என்று கேட்டு, பெரியம்மாவின் மகனுக்கு அதன் ஸ்கிரீன்ஷொட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். அண்ணன் இன்றுவரை பதில் போடவில்லை, ஆனால் படம் அங்கேயே இருந்தது.

மறுநாள் முறைப்பாட்டுக் கடிதத்தோடு சிட்டை, ஸ்கிரீன்ஷொட், வங்கித் துண்டு, பற்றரி அறிக்கை ஆகியவற்றின் பிரதிகளைக் கொடுத்தேன். என் பிரதியில் திகதி முத்திரை குத்தித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மே மாதம் விசாரணைக் கடிதம் கடைக்குப் போய்ச் சேர்ந்த அன்று மாலையே தொலைபேசி அழைத்தது. “ஏன் மிஸ் இவ்வளவு தூரம் போனீங்க?” என்ற மனத்தாங்கலோடு தொடங்கியவர், முறைப்பாட்டை மீளப்பெறுவதாக நான் எழுதிக் கொடுத்தால் மறுநாளே பணம் போடுவதாக முடித்தார். பணம் கணக்கில் விழுந்த பிறகே எழுதுவேன் என்றேன். ஏழு நாள் மௌனம். எட்டாம் நாள் 92,000 ரூபாய் வந்தது. அதன் பிறகுதான் கையொப்பமிட்டேன். கூரியர் செலவையும் கேட்டிருக்கலாம் என்பது திராய்மடுவிலிருந்து திரும்பி வரும்போதுதான் நினைவுக்கு வந்தது.

மடிக்கணினியை அதே பெட்டியில் வைத்துத்தான் திருப்பி அனுப்பினேன். வெங்காய மணம் போகவில்லை. போக்க முயலவும் இல்லை.