சேகா கேசட்டுகளைக் காப்பாற்றுவோருக்கு

மொரீஷியஸ் கிரியோல் மக்களின் பாட்டும் ஆட்டமுமான சேகா 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ரோட்ரிக்ஸ் தீவில் பறையோடு பாடும் சேகா தம்பூர் 2017-இல் சேர்ந்தது. தீவிலிருந்தே வெளியேற்றப்பட்ட சாகோஸ் மக்களின் சேகா தம்பூர் 2019-இல் சேர்ந்தது, அதுவும் அவசரமாகக் காக்கவேண்டியவற்றின் வரிசையில். ஆனால் பழைய குரல்கள் பல இன்னமும் வீட்டு அலமாரிகளில் கேசட்டாகத்தான் கிடக்கின்றன. அந்தக் கடலோர ஈரம் நாடாவுக்கு எமன்.

கேசட் கைக்கு வந்ததும் ஓடவிட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். கேசட்டின் சிறு ஜன்னல் வழியே நாடாவின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை. ஓடவிட்டால் நாடா கீறிப்போகும், பூஞ்சை கேசட்டை ஓட்டும் டெக்கில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அதைத் தனியே எடுத்து, ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே உள்ள அறையில் நன்றாக உலரவிட்டு, என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு துடைக்க வேண்டும். பிளாஸ்டிக் பைக்குள் மூடி வைத்தால் ஈரமும் உள்ளேயே அடைந்துவிடும்.

சுத்தமான கேசட்டிலும் முதல் வேலை மேல்விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் காதுகளை உடைப்பதுதான். அதற்குப் பிறகு தவறிப்போய் ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் பாட்டு அழியாது. உள்ளே நாடாவை, டெக்கில் ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் கம்பளித் துண்டு உதிர்ந்திருந்தால் ஒலி மங்கும். திருகு போட்ட கேசட் என்றால் திறந்து மாற்றிவிடலாம். ஒட்டி மூடியதென்றால் கூட்டை உடைத்து நாடாவைத் திருகு வைத்த காலிக் கூட்டுக்கு மாற்ற வேண்டும். 120 நிமிடக் கேசட்டின் நாடா மிக மெல்லியது. வேகமாகச் சுற்றினால் சிக்கும்.

பலரும் தவறவிடுவது ஹெட்டின் சாய்வு. பாட்டைப் பதிந்த கருவியின் ஹெட்டும் உங்கள் டெக்கின் ஹெட்டும் ஒரே கோணத்தில் இருப்பது அபூர்வம். மோனோவில் கேட்டபடி ஹெட்டுக்குப் பக்கத்தில் உள்ள சிறு திருகை மெல்லத் திருப்பி, சேகாவில் தட்டும் உலோக முக்கோணத்தின் கணீர் ஒலி மிகத் துலக்கமாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். விதைகள் போட்ட கிலுகிலுப்பைப் பெட்டியான மரவானின் சலசலப்பும் அப்போதுதான் திரும்பிவரும். இதை ஒவ்வொரு கேசட்டுக்கும் புதிதாகச் செய்ய வேண்டும். எந்த மென்பொருளாலும் பிறகு இதை முழுமையாகச் சரிசெய்ய முடியாது.

பதிவு 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாக இருக்கட்டும். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2 ஜிபி ஆகும். சேகாவின் ரவான் ஆட்டுத்தோல் போர்த்திய பறை. வாசிக்கும் முன் அதை நெருப்பில் காய்ச்சித் தோலை விறைப்பாக்குவார்கள். அதன் அடி திடீரென்று எகிறும் என்பதால் உச்ச அளவைக் கழித்தல் 6 டெசிபலுக்கு மேல் விடாதீர்கள். மூலக்கோப்பில் இரைச்சல் நீக்கம் கூடவே கூடாது. நாடாவின் சீறலோடு சேர்ந்து மரவானும் போய்விடும். பாட்டுக்கு முன்னால் தீ மூட்டும் பேச்சு, சிரிப்பு, பறையைத் தட்டிப் பார்க்கும் சத்தம் எதையும் வெட்டாதீர்கள். யார் பாடுகிறார், எந்த ஊர் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பேச்சில்தான் இருக்கும்.

மூன்று பிரதிகள் வேண்டும், அவற்றில் குறைந்தது ஒன்று தீவுக்கு வெளியே. 1960-இல் கரோல் புயலும் 2013 மார்ச்சில் போர்ட் லூயி வெள்ளமும் கண்ட நாட்டில், பக்கத்துக் கட்டடத்தில் வைத்த பிரதியைப் பாதுகாப்பு என்று எண்ண முடியாது.

இவ்வளவு செய்தும் தொகுப்பைப் பாதியில் விடும் இடம் விவரப்பட்டியல். பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ மட்டும் எழுதிவைத்தால், பாடியவரின் பேத்தி தன் மொழியான கிரியோலில் தேடும்போது பாட்டி கிடைக்க மாட்டார். கேசட் மேல் கையால் எழுதியிருப்பதை அப்படியே ஒரு கட்டத்தில் எழுதுங்கள், எழுத்துப்பிழையோடு. அடுத்த கட்டத்தில் பாட்டின் முதல் அடியை 2011-இன் அதிகாரபூர்வ கிரியோல் எழுத்துமுறையில் எழுதுங்கள். பிரெஞ்சுச் சாயலில் பலவிதமாக எழுதப்பட்ட ஒரே பாட்டை ஒன்றுசேர்க்க இதைவிட்டால் வழியில்லை. மொழிக் குறியீடு மொரீஷியஸ் கிரியோலுக்கு எம்எஃப்இ, ரீயூனியன் தீவின் கிரியோலுக்கு ஆர்சிஎஃப், செஷல்ஸ் தீவுகளின் கிரியோலுக்கு சிஆர்எஸ். மூன்றையும் பொதுவாக ‘கிரியோல்’ என்று போட்டுவிடாதீர்கள். ரீயூனியனில் ‘மல்பார்’ எனப்படும் தமிழ் வம்சாவளியினர் வீட்டில் பேசுவதும் பெரும்பாலும் கிரியோல்தான். அவர்களின் பதிவுகளை இந்தியப் பெட்டியில் போட்டு மூடுவது அவர்களின் பாதி வாழ்க்கையை வெட்டுவதாகும்.

பகிரும்போது அவசரம் வேண்டாம். சேகாவில் ஊர்வம்பும் பெயர் சொல்லிக் கிண்டலும் உண்டு. உயிரோடு இருப்பவர்களைக் குத்தும் அடிகளும் உண்டு. யாவருக்கும் திறந்தது, குடும்பத்துக்கும் ஊருக்கும் மட்டும் உரியது, இப்போதைக்கு மூடியது என மூன்று நிலை வைத்து, எது எதில் என்பதைக் குடும்பத்தாரோடு உட்கார்ந்து கேட்டு முடிவு செய்யுங்கள். சம்மதத்தை கிரியோலிலேயே கேட்டு, அந்தப் பேச்சையும் பதிந்துகொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு பாட்டையும் தனியே 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் மூன்று நிமிடப் பாட்டு 3 எம்பிக்குள் அடங்கும், வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்துவிடும். பாட்டைக் கேட்ட பெரியவர்கள் ‘இது இன்னார் குரல்’ என்று திருத்தம் அனுப்புவார்கள். அந்தத் திருத்தத்தைச் சொன்னவர் பெயரோடும் தேதியோடும், அவர் சம்மதித்தால், பட்டியலில் ஏற்றுங்கள். பின்னாளில் குடும்பம் மனம் மாறி ஒரு பாட்டை மூடச் சொன்னால், காரணம் கேட்காமல் மூடிவிடுங்கள்.